றோசம்மா பிழையான பஸ்ஸில் ஏறிய கதை

கொக்கிளாயில் யாரிடமாவது றோசம்மாவைப் பற்றிக் கேட்டால் முதலில் கோயில் மணிக் கதைதான் வரும். மற்றவர்கள் சொல்லி அந்தக் கதையைக் கெடுத்துவிடக் கூடாது என்று றோசம்மா தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். "சனம் சிரிக்க முன்னம் நானே சிரிச்சுப்போட்டால், பேந்து அவையளுக்குச் சிரிக்க மிச்சம் ஒண்டும் இராது" என்பாள்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது அது. அவளுடைய கணவர் அருளப்பு விடியப்புறம் கடலுக்குப் போயிருந்தார். வழக்கமாக எட்டு மணிக்குள் படகு கரைக்கு வந்துவிடும். அன்றைக்கு எட்டரை ஆகியும் காணவில்லை. கரையில் நின்ற றோசம்மா படகுகளை எண்ணினாள். போனது பதினேழு, வந்தது பதினாறு. திரும்ப எண்ணினாள். மூன்றாம் தரம் எண்ணியபோது பதினைந்துதான் வந்தது. நடுக்கத்தில் ஒன்றைத் தவறவிட்டிருந்தாள். அருளப்புவின் போனுக்கு அடித்தாள். யாரோ ஒரு பெண் மூன்று மொழியிலும் பொறுமையாக, இப்போது தொடர்புகொள்ள முடியாது என்றாள். "அதை நீ எனக்குச் சொல்லுறியோ?" என்று றோசம்மா அந்தப் பெண்ணையும் ஏசினாள்.

ஒன்பது மணிக்கு நெஞ்சு இடித்த இடியில் அவளுக்கு நிற்க முடியவில்லை. ஓடிப்போய்க் கோயில் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பூசை இல்லாத நேரத்தில் அந்த ஊரில் மணி அடித்தால் அதற்கு இரண்டே காரணம்தான்: ஒன்று சாவு, மற்றது கடல். அடுப்பில் சோறு கிடக்க, குளித்த தலையில் சவர்க்காரம் கிடக்க, ஊரே கரைக்கு ஓடியது. கடற்படைக் காவலுக்கும் தகவல் போனது. நாலு படகு தேடப் போக ஆயத்தமானது.

அருளப்பு அந்த நேரம் வீட்டில் இருந்தார். கடலில் இஞ்சின் இருமத் தொடங்கியதால், முகத்துவாரத்துக்குள்ளால் திரும்பி, ஊருக்குப் பின்னால் அலையில்லாமல் கிடக்கும் களப்புப் பக்கம் படகைக் கட்டிவிட்டு, பின்வேலியால் வீட்டுக்கு வந்து, மிச்சம் கிடந்த பிட்டையும் முதல்நாள் மீன்குழம்பையும் சாப்பிட்டுவிட்டு மாமரத்தடியில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார். போன் நனைந்து செத்துப்போயிருந்தது. மணிச் சத்தத்தில் எழும்பி, "ஆருக்கோ ஏதோ" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் கரைக்கு ஓடினார். தேடப் போகும் முதற் படகில் தோளைக் கொடுத்துத் தள்ளியவர்களில் அவரும் ஒருவர்.

"ஆரைக் காணேல்ல?" என்று பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த றெஜியிடம் கேட்டார்.

"அருளப்பு அண்ணையை" என்றான் றெஜி, திரும்பிப் பார்க்காமல். "கதைச்சுக்கொண்டு நிக்காமல் தள்ளுங்கோ."

அருளப்பு இன்னும் இரண்டு அடி தள்ளினார். அதற்குப் பிறகுதான் நின்றார்.

ஊர் கோபித்திருந்தால்கூட றோசம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊர் சிரித்தது. அடுத்த நாளிலிருந்து, "றோசம்மாக்கா, நான் சந்தைக்குத்தான் போறன், மணியில கைவைச்சிடாதேங்கோ" என்று சொல்லாமல் ஒருவரும் அவளுடைய படலையைக் கடந்து போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதர் "விழிப்பாயிருங்கள்" என்று வசனம் வாசித்தபோது பின்வரிசையில் யாரோ இருமினார்கள். றோசம்மாவும் முக்காட்டுக்குள் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் நெஞ்சு படபடத்துக்கொண்டுதான் இருந்தது.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பது பிறந்த வீட்டிலிருந்தே வந்த பழக்கம் என்றாலும், எண்ணத் தொடங்கியது கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக்குப் பிறகுதான். அன்றைக்கு அவளுடைய தமையன் சூசை கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். றோசம்மா எல்லாவற்றையும் பற்றிப் பகிடி விடுவாள். அந்த நாளைப் பற்றி மட்டும் விடுவதில்லை.

மணிக் கதை வவுனியாவில் வேலை செய்யும் மகள் ஆன்சலாவின் காதுக்கும் எட்டியது. "அம்மா, இனிப் பகிடி காணும். வாங்கோ கிளினிக்குக்கு" என்று அவள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து, தாயை முல்லைத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் கௌசலா இளம் பெண். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பார்த்தார், கடைசியில் எல்லாத் தாள்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு றோசம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"இருதயத்தில ஒரு பிழையும் இல்லையம்மா. யோசினைதான் கூட."

"அதுக்கு ஒப்பரேசன் ஏதும் இருக்கோ டொக்டர்?"

டொக்டர் சிரித்தார். சின்னதாக ஒரு குளிசை எழுதினார். பிறகு சொன்னார்: "இதைவிட முக்கியம் ஒண்டு இருக்கு. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் போனை வீட்டில வைச்சிட்டு வெளியில போய் இருங்கோ. மரம், தண்ணி, வானம், என்ன கிடக்கோ அதைப் பாருங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம். அப்பிடி இருந்தால் மனம் தெளியும், நித்திரையும் வரும். உங்களுக்கென்னம்மா, வாசலில கடல்! கொழும்பில இருந்து சனம் வந்து பாத்திட்டுப் போற கடல்."

நாய் கடித்தவனைப் பார்த்து, அந்த நாயையே மடியில் வைத்துத் தடவு என்று சொல்வது போல் இருந்தது றோசம்மாவுக்கு. ஆனால் டொக்டரின் முகத்தில் அவ்வளவு அன்பு. "ஓம் டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவள் உண்மையாகவே முயன்றாள். முதல் நாள் போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து மணலில் உட்கார்ந்தாள். அழகான கடல்தான். ஆனால் வாடைக்காற்று இறங்கியிருந்தது. தூரத்தில் நுரை வெள்ளையாகத் தெரிந்தது. அந்த நுரை தெரிந்தால் உள்ளே எவ்வளவு குழப்பம் என்று அவளுக்குத் தெரியும். நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, இந்த இழுவையில் யாருடைய வலை கிழியும், யாருடைய படகு பழசு, எல்லாம் தெரியும். அரை மணித்தியாலம் முடிந்து எழும்பியபோது அவள் பதினொரு பேரை மனதுக்குள் சாகடித்துவிட்டிருந்தாள். அவர்களில் மூன்று பேர் கடலுக்கே போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வழியால் போன றெஜி சைக்கிளை நிறுத்தினான்.

"என்னக்கா, கடலோட கோவமோ?"

"ஓம். கதைக்கிறேல்ல."

கண்ணுக்குத் தப்பினாலும் காது விடவில்லை. இஞ்சின் சத்தத்தை வைத்தே யாருடைய படகு என்று சொல்லக்கூடிய காது அது. எண்ணிக்கை முதுகுப் பக்கத்திலிருந்து ஏறி வந்தது.

மூன்றாம் நாள் வீட்டு மாமரத்தடிக்குப் போனாள். சும்மா மரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு வடிவம்மாவின் தலை தெரிந்தது.

"என்ன றோசம்மா, ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை, சும்மா இருக்கிறன்."

"சும்மாவோ?" வடிவம்மாவின் குரல் இறங்கியது. "அருளப்பு அண்ணை ஏதும் கைநீட்டினவரோ?"

றோசம்மா கையில் வேலை இல்லாமல் இருந்ததை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. மாலைக்குள் இரண்டு பேர் தோடம்பழத்தோடு நோயாளியைப் பார்க்க வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, இயற்கை தனக்குச் சரிவராது, மருந்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்பதுதான் வழி என்று றோசம்மா முடிவெடுத்தாள்.

மார்கழியில் அடுத்த கிளினிக். இந்த முறை தனியாகப் போனாள். "போய் இருந்தனீங்களோ அம்மா?" என்று டொக்டர் கேட்டதற்கு, "ஓம் டொக்டர், நல்ல சுகமாக் கிடக்கு" என்று முழுப் பொய்யைச் சொன்னாள். மருந்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. வெளியே வந்தபோது பொய் சொன்ன குற்றம் ஒரு பக்கம். வானம் இருட்டியது மறு பக்கம். அருளப்பு களப்பில் இறாலுக்கு நிற்கிறார். இடுப்பளவு தண்ணீரில் நிற்பதாக அவள் நினைத்த மனிதருக்கு பஸ் நிலையத்தில் நின்றபடி பதினொரு தரம் அடித்தாள். பத்தாவது அழைப்பில் அவர் எடுத்து, "றோசம்மா, இஞ்ச தண்ணி முழங்கால் அளவுதான்" என்றார். பதினோராவது, அவர் சொன்னது உண்மைதானா என்று கேட்பதற்கு. அதைக் கேட்டுக்கொண்டே முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். போன் அத்தோடு அணைந்துபோனது.

கொண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டான்.

"கொக்கிளாய்."

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, இது முள்ளியவளைக்குப் போகுது" என்றான் கொண்டக்டர். "இதில இருந்து கொக்கிளாய்க்குப் போறதெண்டால் நீங்கள் உலகத்தைச் சுத்தித்தான் வரவேணும்."

"சுத்தினால் எத்தினை மணிக்குப் போகும்?" என்று கேட்டாள் றோசம்மா. பஸ் முழுக்கச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

முள்ளியவளையில் இறக்கிவிட்டார்கள். திரும்பிப் போக ஒன்றேகால் மணித்தியாலம் கழித்துத்தான் பஸ். மழை தூறிவிட்டுப் போய், வெயில் ஈரத்தோடு எட்டிப்பார்த்தது. நின்ற இடத்தில் நிற்க மனமில்லாமல் ஒரு கிரவல் பாதையால் நடந்தாள். கொஞ்சத் தூரத்தில் வீடுகள் முடிந்து வயல் தொடங்கியது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெரிய மருத மரம். அதன் வேரில் ஏறி உட்கார்ந்தாள்.

நெல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. காற்று ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் இறங்கிப் போனது. பழக்க தோஷத்தில் றோசம்மா முதலில், இங்கே எதைப் பற்றிக் கவலைப்படலாம் என்று தேடினாள். இந்தப் பச்சை நல்ல பச்சையா, கெட்ட பச்சையா? தெரியவில்லை. தண்ணீர் இவ்வளவு நிற்க வேண்டுமா, கூடிப்போனதா? தெரியவில்லை. நெல்லுக்கு மேலால் சின்னதாக ஏதோ பூச்சிகள் பறந்தன. அவை வந்தால் நல்லதா, ஆபத்தா? அதுவும் தெரியவில்லை. கொக்கைத் தவிர அங்கே நின்ற ஒன்றுக்கும் அவளுக்குப் பெயர் தெரியாது. அவளுடைய யோசினை, துடுப்புப் போட இடம் தேடிப் பார்த்துவிட்டு, ஓரிடமும் அகப்படாமல் கையை மடக்கிக்கொண்டது. கிளினிக் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தது மட்டும்தான் அவளுக்கு நினைவு.

"தங்கச்சி! தங்கச்சி! உயிரோட இருக்கிறியளோ?"

கண்ணைத் திறந்தபோது தொப்பி போட்ட ஒரு பெண் மண்வெட்டியோடு குனிந்து நின்றார். அறுபது வயது இருக்கும். முழங்கால் வரை சேறு. றோசம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"இருக்கிறன் அக்கா. நித்திரையாப் போனன்."

"குறட்டைச் சத்தம் வாய்க்காலுக்கு அங்கால கேட்டது. பன்றி ஏதும் இறங்கிட்டுதோ எண்டுதான் ஓடி வந்தனான்" என்றார் அந்தப் பெண். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

அவர் பெயர் ஜெகதீஸ்வரி. வயல் அவருக்கும் கணவர் அப்புத்துரைக்கும் சொந்தம். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டக் காணிக்கு வந்த குடும்பம். அவர் பிறந்தது இங்கேதான், சேற்றில் கால் வைத்தே வளர்ந்தவர். கொக்கிளாய்க்காரி ஏன் தன் வயலோரம் படுத்திருக்கிறாள் என்பதை அறியாமல் அவர் விடுவதாக இல்லை. றோசம்மா டொக்டர் சொன்னது, பொய் சொன்னது, பஸ் மாறியது, மணி அடித்தது என்று கதையைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சொல்லி முடித்தாள். அருளப்பு படகு தள்ளிய இடம் வந்தபோது ஜெகதீஸ்வரி மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உங்கட வயல் நல்ல வடிவு அக்கா" என்றாள் றோசம்மா.

"வடிவோ? உதுக்குள்ள படுற பாடு எனக்குத்தான் தெரியும். அங்க பாருங்கோ, அந்த மூலையில மஞ்சளா ஒரு வட்டம் தெரியுதெல்லே, அது என்னெண்டால்..."

"அக்கா, கோவிக்காதேங்கோ." றோசம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். "சொல்லாதேங்கோ. எனக்கு இந்த உலகத்தில விளங்காத இடம் ஒண்டாவது இருக்கட்டும்."

ஜெகதீஸ்வரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுத் தானும் வேரில் உட்கார்ந்தார். "எனக்குக் கடல் அப்பிடித்தான்" என்றார் யோசித்து. "எப்பவாவது போய்க் கரையில நிண்டால் மனம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். அந்தத் தூரத்தில வெள்ளை வெள்ளையா நுரை வரும், என்ன வடிவு."

அந்த நுரை என்னவென்று சொல்ல றோசம்மாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

பஸ் போய்விட்டது. அதற்கடுத்த பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, பொழுதுபடும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்தாள். அருளப்பு வாசலில் வலை துப்புரவாக்கிக்கொண்டு இருந்தார்.

"வந்திட்டியோ?"

"நாலு மணித்தியாலம் பிந்தி வாறன். மனிசியைக் காணேல்ல எண்டு ஒரு யோசினையும் இல்லையோ உங்களுக்கு?"

"யோசிச்சனான்" என்றார் அருளப்பு. "பேந்து, ஒரு வீட்டுக்கு ஒராள் யோசிச்சால் காணும் எண்டு விட்டிட்டன்."

அன்றிரவு அவள் விடியும்வரை அசையாமல் தூங்கினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருதரம் புதன்கிழமைகளில் றோசம்மா முள்ளியவளைக்குப் போகத் தொடங்கினாள். பஸ் மாறி ஏறியவள் இப்போது தெரிந்தே ஏறினாள். நிழலுக்குக் கூலியாகக் கருவாடு கொண்டுபோவாள்; வரும்போது முருங்கைக்காயோ தேசிக்காயோ பையில் வரும். அருளப்புவிடம் கிளினிக் என்று சொன்னாள். "உந்தக் கிளினிக்கில முருங்கைக்காயும் தருகினமோ?" என்று அவர் ஒருதரம் கேட்டார். உண்மையைச் சொன்னாள். "டொக்டர் இயற்கை எண்டவ. நான் சொந்தக்காரர் வீட்டுக்குப் போற மாதிரி பஸ் பிடிச்சு இயற்கைக்குப் போறன். சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ." அருளப்பு சிரிக்கவில்லை. அடுத்த புதன்கிழமை நல்ல பாரைக் கருவாடாகப் பார்த்துக் கட்டி வைத்திருந்தார்.

மருத மரத்தடியில் ஒரே ஒரு சட்டம்தான்: ஜெகதீஸ்வரி வயலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அவரும் சொல்லவில்லை. வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தபடி, குடும்பக் கதை, கோயில் கதை, கால்நோவுக் கதை எல்லாம் கதைத்தார்கள். ஊரில் றோசம்மா அருளப்புவுக்கு அடிக்கும் அழைப்புகள் பதினொன்றிலிருந்து மூன்றாகக் குறைந்தன. அவருக்கே ஒரு மாதிரியாகி, ஒருநாள் களப்பிலிருந்து தானே எடுத்து, "என்ன, சுகமா இருக்கிறியோ?" என்று கேட்டார்.

இப்படியே போயிருந்தால் நல்ல கதை. றோசம்மா இருக்கும் இடத்தில் எதுவும் அப்படியே போவதில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை ஜெகதீஸ்வரி பேச்சுக்கிடையே அடிக்கடி வானத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை றோசம்மாவுக்குத் தெரியும். ஐம்பது வருடமாகத் தன் முகத்தில் இருக்கும் பார்வை அது.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை."

"சொல்லுங்கோ."

"நீங்கள்தானே சொல்லவேண்டாம் எண்டனீங்கள்."

"அது அப்ப. இப்ப சொல்லுங்கோ."

ஜெகதீஸ்வரி சொன்னார். கதிர் முற்றிப் பாரம் தாங்காமல் நிற்கிறது. வெட்டும் மெசின் வர இன்னும் பத்து நாள் ஆகும். அதற்கிடையில் மழை விழுந்தால் எல்லாம் சரிந்து படுத்துவிடும். அவ்வளவுதான் சொன்னார். றோசம்மாவுக்கு அது போதும். வயலைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் வெறும் அழகாக இருந்த வயலில் இப்போது ஒவ்வொரு கதிரும் விழப்போவது போல் தெரிந்தது.

அன்று தொடக்கம் கொக்கிளாயில் இருந்துகொண்டு அவள் முள்ளியவளைக்குக் கவலைப்பட்டாள். வானொலியில் காலநிலை சொல்லும்போது முன்பெல்லாம் காற்றுக்கு மட்டும் காது கொடுத்தவள், இப்போது மழைக்கும் கொடுத்தாள். வெட்டு நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் நெல்லைக் காயவைக்க வேண்டும். தெரு நீளத்துக்குப் பரப்பியிருக்கிறோம் என்று ஜெகதீஸ்வரி சொன்ன அன்றே றோசம்மா காவல் வேலையை எடுத்துக்கொண்டாள். மேகம் கடலில்தானே கட்டுகிறது. அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு அடித்தாள். "அக்கா, கடலில கறுத்திட்டுது. கெதியா அள்ளுங்கோ!" அங்கே அப்புத்துரையும் ஜெகதீஸ்வரியும் வியர்த்து விறுவிறுத்து நெல்லைக் குவித்துப் படங்குச் சீலையால் மூடினார்கள். ஒரு துளி விழவில்லை. மேகம் திருகோணமலைப் பக்கம் போய்விட்டது. அடுத்த நாளும் அடித்தாள். அன்றைக்கும் மூடினார்கள், அன்றைக்கும் நல்ல வெயில். போனுக்குள் அப்புத்துரையின் குரல் தூரத்தில் கேட்டது: "உந்தக் கடல் மனிசிக்கு அங்க கோயில் மணி இல்லையோ? எங்களை ஏன் போட்டு அடிக்கிறா?"

மூன்றாம் நாள் மேகம் உண்மையாகவே கட்டியது. அடிப்பதா விடுவதா என்று றோசம்மா கரையில் நின்று போனோடு மல்லுக்கட்டினாள். இரண்டு முறை மானம் போனவளுக்கு மூன்றாம் முறை என்ன வந்துவிடப் போகிறது என்று கடைசியில் அடித்தாள். ஜெகதீஸ்வரி தன் பக்கத்து நெல்லை மூடினார். அப்புத்துரை, தன் பக்கம் காயட்டும், தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணித்தியாலத்தில் மழை கொட்டியது. பாதி நெல் தப்பியது. பாதி நனைந்து, பிறகு நாலு நாள் கிண்டிக் கிண்டிக் காயவைக்க வேண்டியதாயிற்று. அந்த நாலு நாளும் கிண்டியவர் அப்புத்துரைதான். ஐந்தாம் நாள் அவரே போன் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, இண்டைக்கு உங்கட பக்கம் எப்பிடி?"

மாசிக் கிளினிக்கில் றோசம்மா டொக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள், பாவசங்கீர்த்தனம் செய்வது போல. "முதல் சொன்னது பொய் டொக்டர். கடலைப் பாத்து எனக்கு ஒண்டும் தெளியேல்ல. வயலைப் பாத்துத்தான் தெளிஞ்சது. பேந்து அந்த வயலையும் கெடுத்துப்போட்டன். முந்தி ஒரு இடத்துக்குக் கவலைப்பட்டனான், இப்ப ரெண்டு இடத்துக்கு."

டொக்டர் கௌசலா பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "நித்திரை?"

"வருது."

"நெஞ்சு இடிக்கிறது?"

றோசம்மா யோசித்தாள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று நெஞ்சில் கையை வைத்தே பார்த்தாள். "அந்த மழை நாள் இடிச்சது. ஆனால் பயத்தில இடிச்ச மாதிரி இல்லை டொக்டர். வேலை செய்யேக்க இடிக்கிற மாதிரி."

டொக்டர் குளிசையைப் பாதியாகக் குறைத்தார். "கடலெண்டால் எல்லாருக்கும் சுகம் எண்டு நினைச்சிட்டன் அம்மா. நான் அதை லீவு நாளில மட்டும் பாக்கிற ஆள்" என்றார். ஒரு டொக்டர் தன் பிழையை இப்படிச் சொல்வதை றோசம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு மனிசியிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடந்தாள்.

வயலில் கவலை புகுந்துவிட்டதால் இனி வேறு இடம் பார்க்க வேண்டும் என்று சொன்னது ஜெகதீஸ்வரிதான். அவருக்கும் அந்த மருத மரத்தடியில் உட்கார்ந்தால் வயல் வேலைதான் கண்ணில் குத்தியதாம். ஒரு கடல்காரிக்காக இவ்வளவு நாளும் சும்மா இருப்பது போல் நடித்தாராம். ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலை அவர் றோசம்மாவைக் குளத்துக்கு அங்காலே கூட்டிக்கொண்டு போனார். அங்கே பாலை மரங்கள் நின்ற ஒரு பற்றைக் காடு. யாரும் விதைக்காத, யாரும் வலை போடாத இடம். வெயில் ஏறிய பிறகு யானை வராது என்று ஜெகதீஸ்வரி சொன்னார். யானையைப் பற்றி மேலதிகமாக ஒன்றும் கேட்காமல் இருக்க றோசம்மா தன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பாலைப்பழக் காலம். மஞ்சள் மஞ்சளாகக் கீழே கொட்டிக் கிடந்தது. இருவரும் மடியில் பொறுக்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். தேன் போல இனிப்பு; ஆனால் அதன் பால் பசை மாதிரி. பத்துப் பழம் தின்பதற்குள் றோசம்மாவின் மேலுதடும் கீழுதடும் ஒட்டத் தொடங்கின. எதையோ சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு இழுபட்டு நொந்தது. தன் வாயை அடைக்கக் கடவுள் காட்டில் ஒரு மரத்தையே வளர்த்து வைத்திருக்கிறாரே என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை. மூக்கால் சிரித்தாள்.

காடு சத்தமில்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் ஒன்றும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. மேலே ஒரு கிளையில் நீல வாலோடு ஒரு பறவை வந்து குந்தி, தலையைச் சரித்துப் பார்த்தது. றோசம்மா ஜெகதீஸ்வரியின் கையைத் தட்டி, அது என்ன என்று புருவத்தால் கேட்டாள். ஜெகதீஸ்வரிக்குத் தெரிந்திருக்கும், அறுபது வருடம் அந்தப் பக்கத்தில் இருந்தவர். பறவையை ஒருதரம் பார்த்தார், றோசம்மாவை ஒருதரம் பார்த்தார், தெரியாது என்று தலையாட்டினார்.

நல்லது என்று றோசம்மாவும் தலையாட்டினாள். இருவரும் அந்தப் பெயர் தெரியாத பறவையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. இடையில் எப்போதோ ஒரு முசுறு எறும்பு காலால் ஏறி, தொடையில் நல்ல இடமாகப் பார்த்துக் கடித்தது. ஒட்டிய வாயோடு றோசம்மா போட்ட கூச்சலில் பறவை, பழம், மடி எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. ஜெகதீஸ்வரி மரத்தைப் பிடித்துக்கொண்டு, உதடு பிரியாமலே, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.